5 குழந்தைகள், 71 வேளைப் பால்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை எப்போது தாயின் மார்பில் குடிக்கவிடலாம் என்ற கேள்விக்கு, நான் செவிலியராகப் பணியில் சேர்ந்த காலத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விடை எளிமையானது. முதலில் வயிற்றுக்கு நேரே பால் செலுத்தும் குழாய், அடுத்து புட்டி, புட்டிப்பால் முழுவதையும் குடித்து முடிக்கும் தெம்பு வந்த பிறகு மார்பு. காரணமும் கூடவே சொல்லப்பட்டது: மார்பில் குடிப்பது குழந்தைக்குக் கடும் உழைப்பு, ஒன்றரைக் கிலோ எடையுள்ள உடம்பு அதைத் தாங்காது, புட்டியில் பால் தானாகவே வரும் என்பதால் அதில் பழகிக்கொண்டு பிறகு மார்புக்கு வரட்டும். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்ததால் நானும் எத்தனையோ தாய்மார்களிடம் இதையே திருப்பிச் சொன்னேன். இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அளந்து பார்த்தவர் ஒரு செவிலியர். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளரான பவுலா மையர் 1988இல் 'நர்சிங் ரிசர்ச்' இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில் இருந்தவை 5 குழந்தைகள் மட்டுமே. அதே குழந்தைகளைச் சில வேளை மார்பிலும் சில வேளை புட்டியிலும் குடிக்கவிட்டு, மொத்தம் 71 வேளைகளில், தோலின் மேல் ஒட்டிய உணர்கருவியின் வழியாக ஆக்சிஜன் அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் அவர் தொடர்ந்து பதிவு செய்தார். ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடாமல், ஒவ்வொரு குழந்தையையும் அதனோடேயே ஒப்பிட்டதால், இது பலமான குழந்தை, அது சோர்ந்த குழந்தை என்ற வேறுபாடு குறுக்கே வரவில்லை. கிடைத்த முடிவு எங்கள் பாடத்திற்கு நேர் எதிராக இருந்தது. புட்டியில் குடித்த வேளைகளில்தான் ஆக்சிஜன் அளவு அதிகமாக இறங்கியது. குடித்து முடித்த பின்னும் அந்த இறக்கம் தொடர்ந்தது. மார்பில் குடித்த வேளைகளில் அந்த அளவுக்கு இறக்கம் இல்லை, உடலும் கூடுதல் வெதுவெதுப்பாக இருந்தது.

காரணத்தை யோசித்தால், இதை நாங்கள் ஒவ்வொரு பணிநேரத்திலும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்பது விளங்கும். புட்டியைக் கவிழ்த்த கணத்திலிருந்து, குழந்தை கேட்டாலும் கேட்காவிட்டாலும், பால் வாய்க்குள் வந்துகொண்டே இருக்கிறது. வாயில் நிறைந்ததை விழுங்கியாக வேண்டும்; விழுங்கும்போது மூச்சை நிறுத்தியாக வேண்டும். சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் கோர்த்துச் செய்யும் திறன் பொதுவாக 32 முதல் 34 வாரங்களில்தான் (பிறந்த பிறகு எண்ணும் வாரங்கள் அல்ல, கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணும் வாரங்கள்) கூடிவரத் தொடங்குகிறது. அந்தத் திறன் கூடாத குழந்தை, விழுங்குவதா மூச்சுவிடுவதா என்ற நெருக்கடியில் விழுங்கலையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போகும். உதட்டைச் சுற்றி நீலம் பாயும், மானிட்டர் அலறும், நாங்கள் புட்டியை வெளியே எடுத்து முதுகைத் தடவிக் கொடுப்போம். மார்பில் நிலைமை வேறு. குழந்தை சப்பினால்தான் பால் வருகிறது, நிறுத்தினால் வரத்து தணிந்துவிடுகிறது. ஆகவே நான்கைந்து முறை சப்புவது, பிறகு நிறுத்தி மூச்சு வாங்குவது, மறுபடி சப்புவது என்று தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் வசதி அதற்கு இருக்கிறது. இந்த இடைவெளிகளைத்தான் நாங்கள் களைப்பு என்று குறித்துவைத்தோம்.

ஐந்தே ஐந்து குழந்தைகளை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்ற கேள்வி நியாயமானது. அதைவிடக் கூர்மையான ஒரு மறுப்பும் உண்டு: மார்பில் குடிக்கும் குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் குறைவாகவே குடிக்கின்றன, குறைவாகக் குடித்தால் குறைவாகத் தடுமாறத்தானே செய்யும்? இந்த மறுப்பை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனாலும் 2000ஆம் ஆண்டில் 25 குழந்தைகளை வைத்து வெளியான இன்னொரு ஆய்வில், புட்டியில் குடித்த வேளைகளில் 2 முறை மூச்சுநிறுத்தமும், ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போன 20 நிகழ்வுகளும் பதிவாயின. மார்பில் குடித்த வேளைகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மார்பில் கிடைக்கும் பால் போதுமா என்பது தனிக் கேள்வி. அதைக் குழாய்வழிப் பாலால் ஈடுகட்டிவிடலாம். மார்பில் விடுவது ஆபத்தா என்ற கேள்வியோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் எங்கள் தவறு.

அப்படியானால் எந்த வாரத்தில் தொடங்கலாம்? சுவீடனின் உப்சாலாவில் பணியாற்றிய செவிலியர் கெர்ஸ்டின் ஹெட்பெரி நூக்விஸ்ட் இந்தக் கேள்வியைப் பொறுமையாக எதிர்கொண்டார். குறைமாதக் குழந்தை மார்பில் என்னென்ன செய்கிறது என்பதைப் பதிவு செய்ய அவர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். காம்பைத் தேடி வாயைத் திருப்புகிறதா, கருவட்டத்தை எவ்வளவு தூரம் வாய்க்குள் வாங்குகிறது, பற்றிய பிடி எத்தனை நேரம் நிற்கிறது, இடைவிடாமல் எத்தனை முறை சப்புகிறது, விழுங்கும் ஓசை கேட்கிறதா என்று போகும் அந்த அளவுகோலில் நான் மிகவும் மதிப்பது ஒன்றுண்டு: அதைத் தாயும் செவிலியரும் சேர்ந்து பயன்படுத்தலாம். 1999இல் வெளியான அவருடைய ஆய்வில் 71 குழந்தைகள் இருந்தன (மையரின் 71 வேளைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, எண் தற்செயலாக ஒத்துப்போகிறது). 28ஆம் வாரத்திலேயே காம்பைத் தேடுவதும் பற்றுவதும் காணப்பட்டன. 30 வாரத்தைக் கடந்ததும் சிலர் உண்மையிலேயே பாலை உறிஞ்சினர். 32ஆம் வாரத்தில் இடைவிடாமல் 30 முறையோ அதற்கு மேலோ சப்பிய குழந்தைகளும் இருந்தன. முழுக்க மார்பிலேயே குடிக்கும் நிலையை எட்டியவர்கள் அதைச் சராசரியாக 36ஆம் வாரத்தில், அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளுக்கு ஒரு மாதம் முன்பே, எட்டியிருந்தனர்.

34 வாரம் ஆகட்டும், அதுவரை தொடவேண்டாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்த ஒரு பிரிவில் வேலை செய்தவள் என்பதால், அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு எங்கள் பிரிவில் 30 வாரக் குழந்தை ஒன்றை முதன்முறையாக மார்பில் விட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மூக்கில் குழாய், பாதத்தில் ஆக்சிஜன் உணர்கருவி, தலையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக்கூட மூடப் போதாத அளவில் ஒரு தொப்பி. முன்கூட்டியே பால் பீய்ச்சி எடுத்துவிட்டதால் மார்பு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. வேகமாகப் பால் பாய்ந்து திணறிவிடக் கூடாது என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. குழந்தை தூங்கியது. பிறகு கண்ணைத் திறக்காமலேயே நாக்கை வெளியே நீட்டிக் காம்பின் மேல் ஒரு துளியை நக்கியது, தாடை ஒருமுறை இறங்கி ஏறியது, மறுபடி நின்றது. பதிவேட்டில் நான் எழுத வேண்டியிருந்தது 'நக்கியது, 2 முறை சப்பியது' என்பது மட்டும்தான். அடுத்த முறை பீய்ச்சியபோது வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் வந்ததாக அந்தத் தாய் சொன்னார்.

பால் வருவது பற்றிய பேச்சு இங்கே தற்செயலானதல்ல. குழந்தை மார்பில் குடிக்கத் தயாராகும் நாளில் குடிப்பதற்குப் பால் இருக்க வேண்டும். அந்தப் பால் இருக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் அதற்குப் பல வாரங்களுக்கு முன்னால், பிரசவித்த முதல் சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் கர்ப்பகால ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் அளவு சரிகிறது, பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் தன் வேலையைத் தொடங்குகிறது, அதன் பிறகு மார்பு எத்தனை முறை காலியாகிறது என்பதைப் பொறுத்தே சுரப்பு நிலைப்படுகிறது. நிறைமாதக் குழந்தை இந்த வேலையைத் தானே செய்துவிடும். குறைமாதக் குழந்தையின் தாய்க்குக் கையும் பம்பும்தான் குழந்தை. செவிலியர் ஆய்வாளர் பமீலா ஹில் தம் குழுவினரோடு 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு செய்திகளைத் தந்தன: குறைமாதப் பிரசவமான தாய்மார்களுக்கு நாளொன்றுக்கு 500 மில்லி என்ற போதுமான அளவை எட்டாமல் போகும் வாய்ப்பு, நிறைமாதத் தாய்மார்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு; பிரசவித்த 4ஆம் நாளில் வந்த பாலின் அளவைக் கொண்டே 6ஆம் வாரத்தில் பால் போதுமா என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லிவிடலாம். 4ஆம் நாளில் தாய்மார்கள் எங்கே இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அறுவைப் பிரசவமானவர் அப்போதுதான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியிருப்பார். இரத்த அழுத்தம் ஏறிப் பிரசவமானவருக்கு மருந்து மயக்கமே முழுதாகத் தெளிந்திருக்காது. குழந்தை வேறொரு தளத்தில், சில சமயம் வேறொரு மருத்துவமனையில் இருக்கும். பால் ஊறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் அன்போடுதான் அவரைத் தூங்க விடுகிறார்கள்.

லெஸ்லி பார்க்கர் என்ற செவிலியர் ஆய்வாளர் 2012இல் 20 தாய்மார்களைக் கொண்டு ஒரு முன்னோட்ட ஆய்வு செய்தார். ஒரு பகுதியினர் பிரசவித்த 1 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்கள் 1 முதல் 6 மணி நேரத்துக்குள்ளும் முதன்முறையாகப் பாலைப் பீய்ச்சினர். வேறுபாடு சில மணி நேரம்தான். ஆனால் முதல் வாரத்திலும் 3ஆம் வாரத்திலும் முன்னவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் பால் இருந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதன் எண்களை நான் தூக்கிப் பிடிக்கமாட்டேன். எனினும் 1 மணி நேரத்துக்குள் என்பது மருத்துவர் சுற்றுக்கு வரும் நேரமோ உறவினர் வந்துசேரும் நேரமோ அல்ல. பிரசவ அறையில் உடன் நிற்கும் செவிலியரின் கைக்குள் இருக்கும் நேரம். 24 மணி நேரத்தில் 8 முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒரு முறையேனும் பீய்ச்ச வேண்டும் என்பதையும் அந்த முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பால் குறைந்த பிறகு சொன்னால் அது அறிவுரையாகத் தோன்றாது, குற்றச்சாட்டாகத் தோன்றும்.

முதலில் வருவது சீம்பால். அது பம்பின் குழலில் ஒட்டிக்கொண்டு காணாமலே போய்விடும் அளவுக்குக் கெட்டியாகவும் கொஞ்சமாகவும் இருக்கும். ஆகவே முதல் நாளில் கையால் பீய்ச்சுவதே மேல்: கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்க வேண்டும், விரல் தோலில் வழுக்கக் கூடாது. நான்கைந்து முறை ஒன்றும் வராது. பிறகு காம்பின் நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு எழும்பும். அதை 1 மில்லி ஊசிக்குழலின் முனையால், ஊசி இல்லாமல், தொட்டு இழுத்துக்கொள்வோம். நான்சி ரொட்ரிகெஸ் என்ற செவிலியர் ஆய்வாளர், பால் கொடுக்கவே முடியாத நிலையில் இருக்கும் மிகச் சிறிய குழந்தைகளின் கன்னத்தின் உட்புறத்தில் பக்கத்துக்கு 0.1 மில்லியாக மொத்தம் 0.2 மில்லி சீம்பாலைத் தடவுவது பாதுகாப்பானதா, நடைமுறையில் இயலுமா என்று பார்க்க 2010இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்விலும் குழந்தைகள் ஐந்தே பேர்தான். எதிர்ப்பாற்றல் தரும் பொருட்கள் வாயின் சவ்வு வழியாகவே வேலை செய்யக்கூடும் என்பது அவருடைய கருத்து. அதன் பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இது குடல் நோயையோ இறப்பையோ தெளிவாகக் குறைப்பதாகக் காட்டச் சான்று போதாது என்றே முடித்தனர். அப்படியிருந்தும் நான் இதை விடாமல் செய்கிறேன், ஏனென்றால் அந்த 0.2 மில்லியைக் கொண்டுவந்து கொடுத்து, அது குழந்தையின் வாய்க்குள் போவதைத் தாய் தன் கண்ணால் பார்த்தால், அடுத்த வேளைக்கு அலாரம் வைத்து எழுந்துகொள்கிறார். இது என் அனுபவம், ஆய்வு அல்ல.

தாய்ப்பாலுக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு ஓர் எண் போதும். பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியான ஆய்வில், குடல் திசு அழுகிப்போகும் நெக்ரோடைசிங் என்டரோகோலைட்டிஸ் என்ற நோய், தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட மாவுப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளிடம் 6 முதல் 10 மடங்கு கூடுதலாக இருந்தது. வயிறு உப்பி, பளபளத்து, நிறம் மாறத் தொடங்கிய ஒரு குழந்தையை ஒரு முறை பார்த்தவர்கள் இந்த எண்ணை வேறு மாதிரி படிப்பார்கள்.

இனி என்னுடைய பிழை ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் 35 வாரக் குழந்தை ஒன்று மார்பில் 20 நிமிடம் இருந்தது. தாடை அசைந்தது, கை விரல்கள் தளர்ந்து விரிந்தன, இறுதியில் நிம்மதியாகத் தூங்கியது. நன்றாகக் குடித்துவிட்டது என்று தாயிடம் சொல்லி, அந்த வேளைக்கான குழாய்ப்பாலை நிறுத்தும்படி நானே பரிந்துரைத்தேன். இப்படியே சில வேளைகள் போயின. மறுநாள் காலை எடை இறங்கியிருந்தது. மூத்த செவிலியர் ஒருவர், குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னார். அதே துணி, அதே டயப்பர், அதே கம்பிகளைத் தராசுக்கு வெளியே தூக்கிப் பிடித்தபடி பார்த்தோம். அதேபோல் நிறைவாகத் தோன்றிய 20 நிமிடத்தில் ஏறியிருந்தது 4 கிராம். அதாவது ஏறத்தாழ 4 மில்லி.

நான் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆனால் கண்ணளவை நம்பியிருந்தேன். அந்தக் கண்ணளவு எவ்வளவு தவறும் என்பதை மையரும் அவருடைய குழுவினரும் 1996இல் அளந்தே காட்டியிருந்தனர்: தாடை அசைவு, விழுங்கும் ஓசை, மார்பின் இளக்கம் போன்ற அடையாளங்களை வைத்து, பயிற்சி பெற்றவர்கள் சொன்ன அளவும் உண்மையில் உள்ளே போன பாலின் அளவும் பொருந்தவில்லை, துல்லியமான மின்னணுத் தராசில் முன்னும் பின்னும் பார்த்த எடையோ பொருந்தியது. தராசு தாயின் மனதைக் குலைத்துவிடும் என்ற அச்சம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செவிலியர் நான்சி ஹர்ஸ்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே எடை பார்த்த தாய்மார்களுக்கு அதனால் மன அழுத்தம் கூடியதாகத் தெரியவில்லை. என் அனுபவம் இரண்டு பக்கமும் நிற்கிறது. எண்ணைத் தேர்வு மதிப்பெண்ணைப் போலச் சொன்னால் தாய் கலங்குகிறார். 'இந்த வேளை 12 வந்துவிட்டது, மீதி 23ஐக் குழாயில் விட்டுவிடலாம்' என்று கணக்காகச் சொன்னால் ஆறுதல் அடைகிறார். தராசு ஒன்றுதான், சொல்லும் வாய்தான் வேறு.

இந்தத் துறையின் ஆய்வுகளை வாசிக்கப் பழக விரும்பும் இளைய செவிலியர்களுக்கு நான் முதலில் கொடுப்பது காம்பின் மேல் பொருத்தும் மெல்லிய சிலிக்கோன் கவசத்தைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை. முதலாவது மையருடையது, 2000ஆம் ஆண்டு. 34 குறைமாதக் குழந்தைகள் கவசம் இல்லாமல் குடித்த வேளையில் சராசரியாக 3.9 மில்லியும், கவசத்தோடு குடித்த வேளையில் 18.4 மில்லியும் உள்ளே போயின. இதைப் படித்ததும் எல்லாருக்கும் கவசம் கொடுக்கத் தோன்றும். இரண்டாவது டென்மார்க்கின் செவிலியர் ராக்ன்ஹில்ட் மாஸ்ட்ரூப் 2014இல் வெளியிட்டது. நாடு முழுவதிலுமிருந்து 1,488 குறைமாதக் குழந்தைகள். வீடு திரும்பும்போது 68 விழுக்காட்டினர் முழுமையாகத் தாய்ப்பாலில் இருந்தனர். கவசம் பயன்படுத்தியவர்களுக்கோ முழுத் தாய்ப்பால் நிலையை எட்டத் தவறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இதைப் படித்ததும் கவசங்களையெல்லாம் குப்பையில் போடத் தோன்றும்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும். மையர் பார்த்தது ஒரே குழந்தையை, அடுத்தடுத்த வேளைகளில். அதுவும் பற்ற முடியாமல் நழுவும், பற்றியதும் தூங்கிவிடும் குழந்தைகளை. அத்தகைய குழந்தைக்குக் கவசம் அந்த நேரத்தில் உதவுகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. மாஸ்ட்ரூப் பார்த்ததோ நாடு முழுவதும் யாருக்கெல்லாம் கவசம் கொடுக்கப்பட்டது, கடைசியில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை. கவசம் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? ஏற்கெனவே தடுமாறுபவர்களுக்கு. ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் மெதுவாக நடக்கிறார்கள் என்பதால் ஊன்றுகோல்தான் நடையைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் டென்மார்க் ஆய்வை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் குழந்தை ஒருமுறை பற்றவில்லை என்றதுமே, பொறுமையாக நிலையை மாற்றிப் பார்க்காமல், கவசத்தை எடுத்து நீட்டும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது, நெருக்கடியான பணிநேரங்களில் நானும் அதைச் செய்திருக்கிறேன். இப்போது என் வழக்கம், கவசம் கொடுக்கும் நாளிலேயே தராசில் ஒருமுறை பார்த்து அது உண்மையில் உதவுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதை விலக்கிப் பார்க்க வேண்டிய நாளையும் பதிவேட்டில் எழுதிவைப்பது.

பால் வராமல் வெறுமனே சப்புவதற்குக் கொடுக்கும் ரப்பர் காம்பான சூப்பானைப் பற்றியும் இதே போன்ற இழுபறி உண்டு. ஜீன் ஆண்டர்சன் என்ற செவிலியர் ஆய்வாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு 1979இல் வெளியிட்ட ஆய்வில், குழாயில் பால் போகும்போது சூப்பானைச் சப்பவிட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட 4 நாள் முன்னதாக வீடு திரும்பின. டென்மார்க் ஆய்வில், மார்புக்கு மாறும் கட்டத்தில் சூப்பானைக் குறைத்துக்கொண்டவர்களே முழுத் தாய்ப்பாலை எட்டும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. இதில் முரண் இல்லை. குழாயில் இருக்கும் குழந்தைக்கு நல்லது, மார்பு கிடைக்கும் குழந்தைக்கு இடைஞ்சலாகலாம். முடிந்தால் குழாய்ப்பால் போகும் நேரத்தில் பீய்ச்சிய மார்பையே சப்பவிடலாம்.

குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோல் பட வைத்திருக்கும் கங்காரு தாய் பராமரிப்பு பற்றித் தனியாகவே எழுத வேண்டும் என்பதால் இங்கே சுருக்கமாக. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கி, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்பவர் முன்னெடுத்த இம்முறை, இன்குபேட்டர் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. அதனாலேயே வெகுகாலம் வசதியில்லாதவர்களின் மாற்றுவழி என்று கருதப்பட்டது. குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தாயின் நெஞ்சில் வைக்கலாம் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு அந்த நிபந்தனையையே சோதித்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளை, சீராகும் வரை காத்திராமல், பிறந்த சிறிது நேரத்திலேயே நெஞ்சில் வைத்து, நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரம் அங்கேயே வைத்திருந்தனர். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 12 விழுக்காடு, வழக்கமான பராமரிப்பில் 15.7 விழுக்காடு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. எங்களுக்கு இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. 17 மணி நேரம் நெஞ்சில் வைக்க வேண்டுமானால், தாய்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் வேண்டும். பார்வை நேரம் என்ற பலகையோடு அது ஒத்துப்போகாது.

வீடு திரும்பிய பிறகு என்ன? இந்த இடத்தில் ஆய்வுகள் குறைவு, கிடைப்பவையும் எப்போதும் நாம் விரும்பும் விடையைத் தருவதில்லை. சுவீடனின் செவிலியர் யென்னி எரிக்சன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வீடு திரும்பிய 493 தாய்மார்களில் ஒரு பகுதியினரை மருத்துவமனை ஊழியர்கள் தாங்களாகவே தினமும் தொலைபேசியில் அழைத்துப் பேசினர். மற்றவர்கள் தேவைப்பட்டால் அழைக்கலாம் என்று விடப்பட்டனர். 8 வார முடிவில் முழுமையாகத் தாய்ப்பால் கொடுப்பவர்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. அழைப்புப் பெற்ற தாய்மார்களிடம் மன அழுத்தம் குறைவாக இருந்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதை அப்படியே எழுதி வெளியிட்டதற்காகவே எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு எங்கள் பிரிவின் பால் பதிவேட்டில் நான் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். குழந்தை பிறந்த நேரத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு கட்டம் இருந்தது. அதன் பக்கத்தில் 'முதலில் பீய்ச்சிய நேரம்' என்று இன்னொரு கட்டம் வேண்டும் என்றேன். இரண்டு வாரம் கழித்து அச்சடித்த புதிய தாள்கள் வந்தன. சில மாதங்கள் ஆகிவிட்டன. சென்ற வாரம் அந்தத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். பகலில் பிறந்த குழந்தைகளின் வரிகளில் பெரும்பாலும் நேரம் எழுதப்பட்டிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் பிறந்தவர்களின் வரிகளில் அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது, அல்லது மறுநாள் காலை 8 மணி என்று இருக்கிறது. அந்த நேரத்தில்தான் பணிமாற்றம் நடக்கும். இரவுப் பணியில் இருக்கும் இருவரிடம் இதைக் காட்டினேன். ஊசிக்குழல்கள் பிரசவ அறையில் இல்லை, சேமிப்பறையில் பூட்டியிருக்கிறது என்றார் ஒருவர்.